மூன்று சூரியன் அகலம்

அந்த வீட்டுச் சமையலறைக் கடிகாரம் ஒருநாளும் உண்மை பேசியதில்லை. பத்து நிமிடம் முன்னால் ஓடும். அது கெட்டுப்போன கடிகாரம் அல்ல. அவள் அதை அப்படித்தான் வைத்திருந்தாள். கல்யாணமாகி வந்த வாரமே முக்காலியைப் போட்டு ஏறி, முள்ளைத் திருகி விட்டவள் அவள்.

அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. மூட்டை மூட்டையாக வந்து விழும் விரிப்புகளை உதறி, நீராவி உருளைக்குள் கொடுத்து, மறுபக்கம் போய் வாங்கி மடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் சூட்டைக்கூடத் தாங்கிக்கொள்வாள். வாசலில் நிற்கும் சூப்பர்வைசரின் பார்வையைத்தான் தாங்க முடியாது. ஒரு நிமிடம் பிந்திப் போனால், அந்த அம்மாள் வாயால் ஒன்றும் சொல்ல மாட்டாள். தலை முதல் கால் வரை மெதுவாக ஒரு முறை பார்ப்பாள். அதற்குத்தான் அந்தப் பத்து நிமிடம்.

வீட்டில் மூன்று பேர். அவள், அவள் கணவர், கணவரின் தங்கை. தங்கையைச் சின்னவள் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நூல் ஆலையில் வேலை. விடிந்தும் விடியாததுமாய் ஆலை பஸ் தெருமுனைக்கு வந்துவிடும். சின்னவள் ஒரு கையில் செருப்பும் மறு கையில் சாப்பாட்டு டப்பாவுமாக ஓடித்தான் அதைப் பிடிப்பாள். பாதி நாள் பிடிக்க மாட்டாள்.

கணவர் பேக்கரியில் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவர். தெருவில் அவருக்குப் பெயர் மாஸ்டர். ஊர் படுக்கும்போது வேலைக்குப் போவார். ஊர் பல் துலக்கும்போது தலைமுடியெல்லாம் மாவும் கையில் சூடான ரொட்டியுமாக வருவார். அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. வானத்தில் இருப்பதையெல்லாம் படம் பிடிக்க வேண்டும்.

வானத்தைப் படம் பிடிக்கிறவர்களுக்கு ராத்திரிதான் பகல். மாஸ்டருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நட்சத்திரங்கள் எரிகிற நேரம் முழுவதும் அவர் தலை அடுப்புக்குள் இருந்தது. சனிக்கோளைச் சுற்றிய வளையம், குதிரைத் தலை போல எழுந்து நிற்கும் புகைமேகம், கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்து சுழித்துக் கிடக்கும் கூட்டம் என்று பிறர் எடுத்த படங்களை மனைவியின் போனில் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். "அடேங்கப்பா, எப்படி எடுத்திருக்கான் பாரு!" என்பார். அந்தக் குரலில் பொறாமை ஒரு பொட்டு இருக்காது. அவர் பங்குக்கு மிஞ்சியது சூரியனும், காலையில் வீடு திரும்பும்போது போக மனமில்லாமல் நிற்கும் நிலாவும்தான்.

சூரியனைச் சும்மா படம் பிடித்துவிட முடியாது. கண்ணை வைத்தால் கண் போகும். கேமராவைத் திருப்பினால் கேமரா போகும். கேமராவின் கண்ணாடிக்கு முன்னால் வெள்ளி முலாம் பூசிய ஒரு தாள் வேண்டும். அதை வாங்கி, பிஸ்கட் டப்பா மூடியை வட்டமாக வெட்டி, அதில் பொருத்தி, ஒரு மூடியாகச் செய்து வைத்திருந்தார். கேமரா, கல்யாண வீடுகளில் படம் எடுக்கிற ஒருவர் கழித்துப் போட்டது. அதற்குள் இருக்கும் கடிகாரம் செத்துப்போய் வருஷமாகிறது. எப்போது திறந்தாலும் அது பிறந்த தேதியைத்தான் காட்டும்.

ஒருநாள் சூரியன் முகத்தில் இருந்த கறுப்புப் புள்ளி ஒன்றை அவளுக்குக் காட்டினார்.

"இந்தப் பொட்டு இருக்கே, இதுக்குள்ள நம்ம பூமியத் தூக்கிப் போட்டா எங்க விழுந்துச்சுன்னு தேடணும்."

"அப்ப ஆஸ்பத்திரி விரிப்பெல்லாம் அதோட போயிடும்ல? சீக்கிரம் தூக்கிப் போடுங்க" என்றாள் அவள்.

சொன்னாளே தவிர, அன்று முழுக்க உருளைக்கு முன்னால் நிற்கும்போது அந்தப் பொட்டுதான் கண்ணுக்குள் இருந்தது. பக்கத்தில் நின்றவளிடம், "எங்க வீட்டுக்காரர் சூரியன்ல ஓட்டை கண்டுபிடிச்சிருக்கார்" என்று பெருமையாகச் சொன்னாள். "ஓட்டை எங்க வீட்டுக் கூரையிலயும் இருக்கு, அதை யாரும் படம் எடுக்கல" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் காலையில் சாப்பாட்டு மேசைமேல் மாவைத் தூவி, விரலால் ஒரு சாய்ந்த எட்டு வரைந்தார். மேல் வளையம் சிறிசு, கீழ் வளையம் பெரிசு.

"இதான் சூரியன் போடற கோலம். ஒரே இடத்துல கேமராவ வச்சு, தினமும் ஒரே மணிக்கு ஒரு படம் எடுத்தா, சூரியன் ஒரே இடத்துலயா இருக்கும்? இருக்காது. கொஞ்சம் கொஞ்சமா நகரும். பூமி சாஞ்சுக்கிட்டுச் சுத்துது. சில மாசம் வேகமா ஓடுது, சில மாசம் மெதுவா நடக்குது. வருஷம் முழுக்க எடுத்து எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா வச்சா இந்த எட்டு வரும். கடைசிச் சூரியன் முதல் சூரியன் பக்கத்துல வந்து உக்காரணும். அப்பதான் எட்டு மூடும்."

"தினமும் எடுக்கணுமா?"

"வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு போதும். ஆனா ஒரு வருஷம் விடாம எடுக்கணும்."

அவள் அந்த மாவு எட்டைப் பார்த்தாள். இத்தனை வருஷமாகத் தலைக்கு மேலே ஒருவன் வரைந்துகொண்டே இருந்திருக்கிறான், தனக்குத் தெரியவில்லையே என்று தோன்றியது. மேசையைத் துடைக்க மனம் வரவில்லை. சின்னவள்தான் வந்து, "என்ன அண்ணி, சப்பாத்திக்கு மாவு சிந்திடுச்சா?" என்று ஒரே இழுப்பில் துடைத்துவிட்டாள்.

சமையலறைக்குப் பின்னால் கிழக்கு பார்த்த சின்ன பால்கனி. துணிக்கயிறு கட்ட அடித்திருந்த இரும்புத் தாங்கியில் கேமராவை முடுக்கினார். தினமும் கழற்றி மாட்டினாலும் அணுவளவும் பிசகாமல் உட்காரும்படி இரண்டு ஆணி அடித்தார். எதிர்க்கட்டிடத்துத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு, கேமராவின் தலையில் கீறிய ஒரு கோட்டைத் தொட்டு நின்றால் கேமரா நகரவில்லை என்று அடையாளம். மூடி போட்டால் படத்தில் தொட்டி தெரியாது என்பதால், மாலையில் மூடி இல்லாமலும் ஒரு படம் எடுத்து வைப்பார். வெயில் ரொம்பத் தாழ்ந்து வருகிற குளிர்காலத்தில் முதல் சூரியனை எடுத்தார்.

அதே வாரம் எதிர்க்கட்டிடத்து மாடியில் கம்பிகள் முளைத்தன. இன்னொரு தளம் எழுப்பப் போகிறார்களாம். அது எழுந்தால் பால்கனிக்குக் கிழக்கே வானம் இருக்காது, சுவர்தான் இருக்கும்.

"ஒரு வருஷம் ஆகும்னு சொல்றாங்க. அதுக்குள்ள முடிச்சிடலாம். இந்த ஒரு வருஷம்தான் நமக்கு. அடுத்த வருஷம் எடுக்கலாம்னு தள்ளிப்போட முடியாது" என்றார் மாஸ்டர்.

எந்த மணியைப் பார்த்து அவர் படம் எடுக்கிறார் என்று அவள் கேட்கவில்லை. அவர் வீட்டுக்கு வரும்போது அவளும் சின்னவளும் கிளம்பிப் போயிருப்பார்கள். கேமராவில் மணி இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். மாஸ்டரிடம் போன் கிடையாது. மாவு அடைத்து ஒன்றும், அடுப்புச் சூட்டில் ஒன்றுமாக இரண்டு போன் உயிரை விட்ட பிறகு, "எனக்கும் அதுக்கும் ராசியில்ல" என்று ஒதுங்கிவிட்டார். அவர் சமையலறைக் கடிகாரத்தைத்தான் நம்பினார். அது பத்து நிமிடம் வேகம் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் இந்த வேலைக்கு மணி சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. மாறாமல் இருந்தால் போதும். பொய்யே சொன்னாலும் வருஷம் முழுக்க ஒரே பொய்யைச் சொல்லும் கடிகாரம் அவருக்குப் போதும். அதற்குப் புது பேட்டரி போட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தார். காலை எட்டு மணிக்கு, முள் எட்டைத் தொடும்போது பொத்தானை அமுக்குவார். பிறகு ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவார்.

எடுத்த படங்களை நடுவில் ஒன்று சேர்த்துப் பார்க்கவும் மாட்டார். "ஒரு தடவ சேர்த்துக் காட்டுங்களேன்" என்று அவள் கேட்டால், "ரொட்டி உள்ள இருக்கும்போது அடுப்புக் கதவத் தொறந்தா அமுங்கிடும். வெந்ததும் பார்க்கலாம்" என்பார். அடுப்பில் பழகிய புத்தி, வானத்துக்கும் அதையே பின்பற்றியது.

வெயில் ஏறிக் கொளுத்தத் தொடங்கிய மாதத்தில் சின்னவள் தொடர்ந்து மூன்று நாள் பஸ்ஸை விட்டாள். ஆலையில் இனி ஒரு நாள் விட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்களாம். வந்து மூலையில் உட்கார்ந்து அழுதாள்.

"கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்ப வேண்டியதுதானேடி?"

"பாக்கத்தான் செய்றேன் அண்ணி. அது பத்து நிமிஷம் வேகம்தானேன்னு கழிச்சுக் கணக்குப் போட்டுப் படுத்துடறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கவலையும் வந்தது. சின்னவள் தூங்கிய பிறகு முக்காலியைப் போட்டு ஏறினாள். முள்ளை இன்னும் ஆறு நிமிடம் முன்னால் திருகினாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதையும் கழித்துவிடுவாளே! தான் மட்டும் மனசுக்குள் பதினாறு என்று முடிச்சுப் போட்டுக்கொண்டாள். அடுத்த நாள் சின்னவள் அலறியடித்து ஓடி, தெருமுனையில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தாள். நல்ல காரியம் செய்தோம் என்று அவளுக்கு நிம்மதி.

சில மாதம் கழித்து ஒரு வார விடுமுறை நாள். மூன்று பேரும் வீட்டில் இருந்தார்கள். மாஸ்டர் வேலை முடிந்து வந்தவர் படுக்கவில்லை. புதுச் சட்டை போட்டுக்கொண்டார்.

"இன்னிக்கு என்ன விசேஷம்?" என்றாள் சின்னவள்.

"இன்னிக்குத்தான் எட்டோட இடுப்பு" என்றார் மாஸ்டர். "சூரியன் மேல போகும்போது கடந்த இடத்தையே, கீழ எறங்கும்போது இன்னிக்குக் கடக்குது. அன்னிக்கு எடுத்த சூரியன் மேலயே இன்னிக்கு எடுக்கற சூரியன் உக்காரணும். தட்டு மேல தட்டு வச்ச மாதிரி. பாருங்க, இன்னிக்கு அடுப்பத் தொறக்கப் போறேன்."

மூவரும் பால்கனியில் நெருக்கியடித்து நின்றார்கள். மாஸ்டர் மூடியை மாட்டினார், தொட்டி விளிம்பைச் சரிபார்த்தார், கதவு வழியாகச் சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். முள் எட்டைத் தொட்டது. 'க்ளிக்' என்றது கேமரா. அவர் சமையலறைப் பக்கம் எதற்குப் பார்த்தார் என்று அவள் அப்போதும் யோசிக்கவில்லை. அவள் கண் சூரியன்மேல் இருந்தது.

சின்னவள் டைப்பிங் பழகிய பழைய லேப்டாப்பில் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தார். கறுத்த வானத்தில் சூரியன்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. வலது கீழ் மூலையிலிருந்து வளைந்து ஏறி, நடுவில் கடந்து, மேலே சின்ன வளையமாகத் திரும்பத் தொடங்கியது கோடு. "அம்மாடி!" என்று அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள். முத்துமாலையைத் தூக்கி எறிந்தால் காற்றில் எப்படி நிற்குமோ அப்படி நின்றது.

திரும்பிய கோடு திடீரென்று அறுந்தது. அதற்குப் பின் வந்த சூரியன்கள் எல்லாம் தனியாக, ஒரு படி இறங்கி நின்றன. இன்றைய சூரியன் உட்கார வேண்டிய தட்டில் உட்காரவில்லை. கீழே தள்ளி விழுந்திருந்தது.

மாஸ்டர் திரையை ஒருமுறை உற்றுப் பார்த்தார். எழுந்து போய்த் தாங்கியை ஆட்டிப் பார்த்தார், அது அசையவில்லை. ஆணிகளைத் தடவினார். மாலை வெளிச்சத்தில் மூடி இல்லாமல் எடுத்து வைத்திருந்த படங்களைத் திறந்து, தொட்டி விளிம்பை ஒவ்வொன்றிலும் பார்த்தார். எல்லாவற்றிலும் அது ஒரே இடத்தில் நின்றது.

"கேமரா நகரல. கேமரா நகர்ந்திருந்தா தொட்டியும்ல நகர்ந்திருக்கணும்" என்றார், தனக்குத்தானே.

மறுபடி திரைக்கு வந்தார். இரண்டு விரலைத் திரையில் வைத்து, அறுந்த இடத்துக்கும் கீழே நின்ற வரிசைக்கும் நடுவில் அளந்தார். ரொட்டியை வெட்டுவதற்கு முன் அளப்பாரே, அதே மாதிரி.

"மூணு சூரியன் அகலம். எல்லாம் ஒரே அளவா மூணு சூரியன் அகலம் தள்ளியிருக்கு. அதுவும் எந்தப் பக்கம்? காலையில சூரியன் ஏறி வர்ற அதே பாதையில, பின்னால. அப்படின்னா படம் சீக்கிரமா எடுத்திருக்கேன். சூரியன் தன்னோட அகலம் நகர ரெண்டு நிமிஷம் ஆகும். மூணு அகலத்துக்கு..."

அவர் நிறுத்தினார். மெதுவாகத் திரும்பிச் சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் கை அதற்குள் தானாகவே வாயைப் பொத்தியிருந்தது.

"ஆறு நிமிஷம்" என்றார்.

அவளுக்கு அழுகைக்கு முன்னால் வந்தது பிரமிப்பு. ராத்திரி, கதவைச் சாத்திக்கொண்டு, விளக்குகூடப் போடாமல் அவள் திருகிய ஆறு நிமிடம்! அதைச் சூரியன் எழுதி வைத்திருக்கிறது. இந்த மனிதர் இரண்டு விரலால் அதைப் படித்துவிட்டார்.

"நீங்க... நீங்க இந்தக் கடிகாரத்தையா பார்த்தீங்க? கேமராவுல மணி இருக்கும்னுல்ல நெனச்சேன்! இவ பஸ்ஸை விடறாளேன்னு..."

"அண்ணி!" என்றாள் சின்னவள். "பதினாறு ஆக்கினது நீங்கதானே? எனக்கு மூணாம் நாளே தெரிஞ்சுபோச்சு. அப்பலேர்ந்து நான் பதினாறக் கழிக்கிறேன்."

"அடிப்பாவி! அப்ப இவ்வளவு நாளா எதுக்காகடி அந்த முள்ளு அங்க நின்னுச்சு? வாயத் தொறந்து சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"சொன்னா இருபது ஆக்கிடுவீங்களே!"

மாஸ்டர் சிரிக்கவில்லை. ஆனால் கோபப்படவும் இல்லை. முக்காலியைத் தானே எடுத்துப்போட்டு, முள்ளை ஆறு நிமிடம் பின்னால் வைத்துவிட்டு வந்தார். "தப்பு என் மேலயும் இருக்கு. வாரம் ஒருதரம் அடுப்பத் தொறந்து பார்த்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். வானம் என்ன ரொட்டியா, அமுங்கறதுக்கு?" என்றார். போய்ப் படுத்துக்கொண்டார். தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது.

சாயங்காலம் அவள் டீயோடு போய் அருகில் உட்கார்ந்தாள். "அந்த வரிசையத் தூக்கி இருக்க வேண்டிய எடத்துல வச்சிட முடியாதா? லேப்டாப்புலதானே இருக்கு?"

"வைக்கலாம். ரெண்டு நிமிஷ வேலை. ஆனா அது நான் வரைஞ்சதா ஆயிடும். நான் வரையறதுக்கு இந்த மாவே போதுமே."

"அப்ப எல்லாம் வீணா?"

"வீண் இல்ல. அது விழுந்த எடத்துல அப்படியே நிக்கட்டும். மிச்சப் பாதி ஒழுங்கா வந்து மூடணும். அது மூடலன்னா எல்லாமே வீண்தான். கீழ் வளையம்தான் பெரிய வளையம். அதோட அடி, அந்த மூலையில வருது."

அவர் காட்டிய இடம், எதிர்க்கட்டிடத்தின் வலது மூலை. அங்கே தூண்கள் எழும்பி, சுவருக்குச் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வருஷம் ஆகும் என்று சொன்ன வேலை அதற்கு முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. குளிர்காலம் வந்து சூரியன் அந்த மூலைக்கு இறங்கும்போது அங்கே சுவர் நின்றால், எட்டு திறந்தே கிடக்கும்.

மறுநாள் வேலை விட்டு வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே எதிர்க்கட்டிடத்துப் படிகளில் ஏறினாள். மேலே மேஸ்திரி தொப்பித் தலையோடு குந்தி உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி அண்ணே, ஒரு உதவி. அந்தச் சோத்துக்கைப் பக்கத்து மூலையை மட்டும் கடைசியாக் கட்ட முடியுமா?"

"ஏம்மா தங்கச்சி, வீட்டுல துணி காயலையா?"

"துணி இல்லண்ணே. சூரியன்."

"அதத்தான் நானும் சொல்றேன். வெயில் வரலன்னா துணி காயாது."

அவள் சொல்லிப் பார்த்தாள். சொன்னது அவருக்கு ஏறவில்லை. கீழே கிடந்த ஈர மணலைக் கையால் நிரவி, விரலால் அந்தச் சாய்ந்த எட்டை வரைந்தாள். எங்கே ஆரம்பித்தது, எங்கே கடந்தது, எங்கே தன் கையால் அறுந்தது, எங்கே வந்து மூட வேண்டும் என்று காட்டினாள். சொல்லச் சொல்ல அவள் குரல் மாஸ்டர் குரல் மாதிரியே ஆனது அவளுக்கே கேட்டது. கலவை சுமக்கிற பெண்கள் இருவரும் சட்டியை இறக்கிவிட்டு வந்து நின்றார்கள்.

மேஸ்திரி பீடியை அணைத்தார். "இதயெல்லாம் யாரு பாக்கறா, உங்க வீட்டுக்காரரா? ராத்திரி முழுக்க அடுப்புல வெந்துட்டு வந்து, திரும்ப சூரியனப் பாக்கறாரா? மனுசனுக்குச் சூடு பத்தலையாக்கும்!" எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் மணலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முப்பது வருஷமா இந்த வெயில்ல நிக்கறேன். இவன் இப்படி ஒரு ஆட்டம் ஆடறான்னு எவனும் சொல்லலையே."

"அப்ப கட்டாம வைப்பீங்களா?"

"கட்டாம வைக்க நான் யாரு? ஓனரு கேப்பாரு. ஆனா எந்த மூலைய மொதல்ல எடுக்கறது, எதக் கடைசியா எடுக்கறதுங்கறது என் கொத்துக்கரண்டி முடிவு பண்றது. இழுத்துப் பாக்கறேன். ரொம்ப இழுக்க முடியாது, ஆமா."

அவர் இழுத்தார். இடது சுவர் வந்தது, பின்சுவர் வந்தது, படிக்கட்டுக்குக் கைப்பிடி வந்தது. வலது மூலை மட்டும் பல் விழுந்த வாய் மாதிரித் திறந்து கிடந்தது. மாஸ்டர் இப்போது வாரம் ஒருமுறை படங்களைச் சேர்த்துப் பார்த்தார். சூரியன் ஒவ்வொன்றாக இறங்கி, வளைந்து, அந்தத் திறந்த மூலைக்குள் நுழைந்தது.

குளிர் வந்தது. கூடவே மூட்டமும் வந்தது. கடைசிச் சூரியனுக்கான நாட்களில் வானம் சாம்பல் பூசிக்கொண்டு கிடந்தது. ஒரு நாள், இரண்டு நாள் தள்ளினால் பரவாயில்லை. ஒரு வாரம் போனால் இடம் மாறிவிடும் என்றார் மாஸ்டர். மேஸ்திரி மாடியிலிருந்து சத்தம் போட்டார்: "தங்கச்சி! ஓனரு நேத்து வந்து மூலையப் பார்த்துட்டுப் போயிட்டாரு. நாளைக்குக் கட்டியாகணும். அதுக்கு மேல என்னால ஆகாது!"

அவள் மறுநாள் ஷிப்டை மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தாள். சின்னவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். எழுந்து பார்த்தால் வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. நெஞ்சு நிறைந்து மாஸ்டருக்காகக் காத்திருந்தாள். அவர் வரவில்லை. போன்தான் வந்தது, பேக்கரியிலிருந்து.

"அடுப்புல பர்னர் போச்சு. மாவெல்லாம் பொங்கி நிக்குது, பாதி ரொட்டி உள்ள நிக்குது. விட்டுட்டு வர முடியாது. நீ எடு."

"நானா? ஐயோ, எனக்கென்ன தெரியும்? எதையாவது உடைச்சு வச்சிடுவேன்!"

"உனக்குத் தெரியும். மேஸ்திரிக்கே வகுப்பு எடுத்தியாமே? மொதல்ல மூடி. மூடி இல்லாம திருப்பக் கூடாது. ரெண்டாவது தொட்டி விளிம்பு. அப்புறம் கடிகாரம். முள்ளு எட்டத் தொடும்போது அமுக்கு. அவ்வளவுதான்." வைக்கும் முன் ஒன்று சேர்த்தார். "முன்னால இல்ல. தொடும்போது."

அவள் கேமராவை ஆணிகளுக்கு நடுவில் வைத்தாள். மூடியை மாட்டி, இரண்டு முறை அமுக்கிப் பார்த்தாள். விளிம்பு கோட்டைத் தொட்டு நின்றது. எதிரே, மூலையில், மேஸ்திரியும் அவர் ஆட்களும் கலவையைக் குழைத்து வைத்துக்கொண்டு, ஒதுங்கி நின்று இவளையே பார்த்தார்கள். கேமராவின் சின்னத் திரையில் சூரியன் வந்து நின்றது, வட்டமாக, வெட்டி எடுத்த மாதிரி.

கடிகாரத்தில் இன்னும் நேரம் இருந்தது.

அப்போதுதான் அந்த மேகத்தைப் பார்த்தாள். இடது பக்கத்திலிருந்து நீளமாக, அழுக்கு விரிப்பு மாதிரி ஒன்று நகர்ந்து வந்துகொண்டிருந்தது. சூரியனை நோக்கித்தான் வந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள், மேகத்தைப் பார்த்தாள். இப்போது அமுக்கினால் சூரியன் சுத்தமாகக் கிடைக்கும். கொஞ்சம் பொறுத்தால் கிடைக்காமலே போகலாம்.

"எடு தங்கச்சி! வருது பாரு மேகம்! எடுத்துடு!" என்று எதிரிலிருந்து கத்தினார் மேஸ்திரி.

விரல் பொத்தான்மேல் இருந்தது. வாழ்நாள் முழுவதும் அவள் எல்லாவற்றுக்கும் முன்னால் போய் நின்றவள். பஸ்ஸுக்கு முன்னால், ஷிப்டுக்கு முன்னால், சூப்பர்வைசரின் பார்வைக்கு முன்னால். கொஞ்சம் முன்னால் இருப்பது ஒருநாளும் கெடுதல் செய்ததில்லை, இந்த ஒரு இடத்தைத் தவிர. மேகத்தின் ஓரம் சூரியனின் கன்னத்தைத் தொட்டது. அவள் விரலை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். முள்ளையே பார்த்தாள். அது நகர்வதாகவே தெரியவில்லை. இத்தனை வருஷம் தான் இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்த முள், இன்று பழி வாங்குகிறது என்று நினைத்தாள்.

முள் எட்டைத் தொட்டது. 'க்ளிக்.'

திரும்பித் திரையைப் பார்க்கும்போது மேகம் முழுவதும் மூடிவிட்டது. எடுத்த படத்தைத் திறந்தாள். சூரியன் இருந்தது. அதன் முகத்தில் குறுக்கே ஒரு மெல்லிய புகைக்கோடு. வட்டம் வட்டமாகவே இருந்தது.

"ஆச்சா?" என்று கேட்டார் மேஸ்திரி.

அவள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். அடுத்த நொடி மூலையில் கரண்டி செங்கல்லைத் தட்டும் சத்தம் கேட்டது.

மாஸ்டர் வந்தபோது சுவர் இடுப்பளவு எழுந்திருந்தது. புருவம் வரை மாவும் கரியுமாக வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்தார். கடைசிச் சூரியனைச் சேர்த்தார். அது வலது கீழ் மூலையில், வருஷத்துக்கு முன்னால் எடுத்த முதல் சூரியனின் தோளை உரசிக்கொண்டு உட்கார்ந்தது. எட்டு மூடியது.

அவர் கடைசிச் சூரியனைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "மேகம் வந்தும் பொறுத்திருக்க" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"இதோ, அதோட மூஞ்சியில எழுதியிருக்கே" என்று அந்தப் புகைக்கோட்டைக் காட்டினார். அப்படியே மேசையில் தலையை வைத்துத் தூங்கிப்போனார்.

சாயங்காலம் மேஸ்திரி கை கால் கழுவிக்கொண்டு படம் பார்க்க வந்தார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்து, திரையைத் தொடாமல் விரலை ஓட்டினார். "ஏய்யா மாஸ்டரு, ஒழுங்கா வளைவு கட்டத் தெரிஞ்சவன்யா இவன்" என்றார், சூரியனைத்தான் சொன்னார். "என் வேலை எங்க இதுல?"

"கீழ் மூலையில இருக்கற வானம் முழுக்க உங்க வேலைதாண்ணே" என்றாள் அவள். மேஸ்திரி வெட்கப்பட்டுச் சிரித்தார்.

சின்னவள் ஆலையிலிருந்து வந்து எல்லோருக்கும் நடுவில் தலையை நுழைத்தாள். எட்டை விட்டுவிட்டு, தனியாகக் கீழே இறங்கி நின்ற அந்த வரிசையைத்தான் முதலில் பார்த்தாள்.

"அண்ணி, இதெல்லாம் உங்க சூரியனா?"

"ஆமாடி. உனக்காகத் திருப்பின சூரியன். உன்னை ஏமாத்தறதுக்கு."

சின்னவள் வரிசையின் முதலில் இருந்த ஒன்றின்மேல் விரலை வைத்தாள்.

"இந்த ஒண்ணுக்குத்தான் நான் ஏமாந்தேன்" என்றாள். "மத்ததுக்கெல்லாம் பாவம், சூரியன் மட்டும்தான் ஏமாந்திருக்கு."